அலுவலகப் பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைப்பது எப்படி?

புதிதாக வாங்கிய பிரிண்டரைப் பெரும்பாலான அலுவலகங்களில் ஒரே விதமாகத்தான் இணைக்கிறார்கள். பிரிண்டரின் திரையில் வைஃபை கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள். கணினியில் தேடும்போது தெரியும் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோதனைத் தாள் ஒன்று வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். பிறகு நீண்ட விடுமுறை ஒன்று முடிந்து அலுவலகம் திறக்கும் காலையில், பிரிண்டரின் விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்கும். கணினிகளோ அது 'ஆஃப்லைன்' என்று சாதிக்கும்.

இதற்குப் பெரும்பாலும் பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், மாறிப்போனதே காரணம். நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு ரவுட்டரில் உள்ள டிஎச்சிபி சேவை முகவரி வழங்குகிறது. அது நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ சில நாட்களுக்கோ குத்தகையாகக் கொடுக்கிறது. பிரிண்டர் இயக்கத்தில் இருக்கும்வரை குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். விடுமுறையில் அதை அணைத்துவிட்டால் குத்தகை காலாவதியாகி, அதே முகவரியை வேறொரு மடிக்கணினியோ கைபேசியோ பெற்றுக்கொள்ளக்கூடும். கணினிகள் பழைய முகவரிக்கே கோப்புகளை அனுப்ப, அங்கே பதில் சொல்லப் பிரிண்டர் இருக்காது. ஆகவே பிரிண்டருக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுப்பதும், எல்லாக் கணினிகளையும் அந்த முகவரியின் வழியாகவே இணைப்பதும்தான் இந்த அமைப்பின் அடிப்படை. மற்ற அமைவுகளைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். இந்த இரண்டையும் முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும்.

கேபிளா, வைஃபையா?

பிரிண்டரில் ஈதர்நெட் போர்ட் (நெட்வொர்க் கேபிளைச் செருகும் துளை) இருந்து, அருகில் நெட்வொர்க் சாக்கெட்டும் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை, கேபிளைச் செருகுங்கள். அலுவலகப் பிரிண்டர் ஓரிடத்தை விட்டு நகராத கருவி. வைஃபையின் வசதி அதற்கு எந்த வகையிலும் பயன்படாது. அலைவரிசை நெரிசலும் கடவுச்சொல் மாற்றமும் மட்டுமே அதன் தலையில் விழும். கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் பெட்டியான ஸ்விட்சிலிருந்து பிரிண்டர் வரை கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருந்தால் போதும். செருகியதும் போர்ட்டின் ஓரத்திலுள்ள சிறு விளக்குகள் எரிகின்றனவா என்று குனிந்து பாருங்கள். எரியவில்லையென்றால் சுவரிலுள்ள சாக்கெட்டின் மறுமுனை ஸ்விட்சில் இணைக்கப்படாமலே இருக்க வாய்ப்புண்டு. பிரிண்டரின் அமைவுகளை மாற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

வைஃபையைத் தவிர வேறு வழியில்லாத இடங்களில் மூன்று செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கெனத் தனிப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் பிரிண்டரின் பட்டியலில் தோன்றவே தோன்றாது. இரண்டாவது, ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்தால் பழைய பிரிண்டர்கள் சேர முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது, விருந்தினருக்கான வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்கக் கூடாது. அந்த நெட்வொர்க்கில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு போட்டிருப்பார்கள். பிரிண்டர் இணையத்தை எட்டும், உங்கள் கணினியோ பிரிண்டரை எட்டாது.

யுஎஸ்பி மட்டுமே உள்ள பிரிண்டரை ஒரு கணினியில் செருகி அங்கிருந்து மற்றவர்களுக்குப் பகிரலாம். அந்தக் கணினியை யாராவது அணைத்துவிட்டால் எல்லோருக்கும் அச்சு நின்றுவிடும் என்பதால், இரண்டு மூன்று பேர் உள்ள இடத்துக்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முகவரியை நிலைப்படுத்துதல்

முதலில் பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் நிலைத் தாளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். 'நெட்வொர்க்', 'ரிப்போர்ட்ஸ்', 'கான்ஃபிகரேஷன் பேஜ்' என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறினாலும், இந்தத் தாளை அச்சிடும் வசதி ஏறக்குறைய எல்லா அலுவலகப் பிரிண்டர்களிலும் உண்டு. அதில் மூன்று வரிகள் முக்கியமானவை: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க்கின் எல்லையைக் குறிக்கும் எண்), மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் இணைப்புக்குரிய அடையாள எண்). ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு டிஎச்சிபி சேவையிடமிருந்து பதில் வரவில்லை, அதுவே தனக்கொரு தற்காலிக முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். 0.0.0.0 என்றிருந்தாலும் முகவரி கிடைக்கவில்லை என்றே பொருள். அப்படியானால் மேலே செல்லாமல், கேபிளையோ வைஃபை இணைப்பையோ சரிசெய்துவிட்டு வர வேண்டும்.

முகவரியை நிலைப்படுத்த இரண்டு வழிகள் உள்ளன. ரவுட்டரின் டிஎச்சிபி பகுதிக்குச் சென்று, இந்த மேக் முகவரி கொண்ட கருவிக்கு எப்போதும் இந்த ஐபியையே கொடு என்று முன்பதிவு செய்துவைப்பது ஒன்று. 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டாட்டிக் லீஸ்' என்றோ அங்கே ஒரு பிரிவு இருக்கும். பிரிண்டரின் சொந்த மெனுவில் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, முகவரியைக் கையால் எழுதிவைப்பது மற்றொன்று.

ரவுட்டருக்குள் நுழையும் உரிமை உங்களிடம் இருந்தால் முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். எல்லா முகவரிகளும் ஒரே இடத்தில் பதிவாகி இருப்பதால், எது யாருக்கு என்ற குழப்பம் எழாது. பிரிண்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க நேர்ந்தாலும் பழைய முகவரியே திரும்பக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிரிண்டரின் ஈதர்நெட்டுக்கு ஒரு மேக் முகவரியும் வைஃபைக்கு வேறொரு மேக் முகவரியும் இருக்கும். நிலைத் தாளில் இரண்டும் அச்சாகியிருந்தால், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் இணைப்புக்குரிய 12 எழுத்து எண்ணையே பதிவு செய்ய வேண்டும். வைஃபையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரைப் பிற்பாடு கேபிளுக்கு மாற்றினால் பழைய முன்பதிவு செல்லாமல் போவதற்கும் இதுவே காரணம்.

ரவுட்டரின் கட்டுப்பாடு இணைய சேவை நிறுவனத்திடமோ கட்டட நிர்வாகத்திடமோ இருக்கும் அலுவலகங்களில் இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். அப்போது தேர்ந்தெடுக்கும் எண், டிஎச்சிபி தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றும், அது 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை வழங்குகிறது என்றும் கொள்வோம். பிரிண்டருக்கு 192.168.1.50 கொடுக்கலாம்; 192.168.1.120 கொடுக்கக் கூடாது. பின்னதைக் கொடுத்தால், ரவுட்டர் அறியாமல் அதே எண்ணை ஒரு கைபேசிக்கும் வழங்கி, இரண்டு கருவிகள் ஒரே முகவரிக்கு மோதிக்கொள்ளும். சப்நெட் மாஸ்க் பெரும்பாலான சிறு அலுவலகங்களில் 255.255.255.0 ஆகவே இருக்கும். ஆனாலும் ஊகித்து எழுதாமல், வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கணினியில் பார்த்து எழுதுங்கள். கேட்வே என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரி வரும். டிஎன்எஸ் (இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தைக் காலியாக விட்டாலும் அச்சு வரும். ஆனால் ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பும்போது அந்தக் காலியிடம் காலை வாரிவிடும்.

முகவரி அமைந்ததும் அதே நெட்வொர்க்கிலுள்ள கணினியின் உலாவியில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். பிரிண்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி உலாவி எச்சரித்தால் அஞ்ச வேண்டாம். பிரிண்டர்கள் தமக்குத்தாமே உருவாக்கிக்கொண்ட சான்றிதழை வைத்திருப்பதால் அந்த எச்சரிக்கை இயல்பாகவே வரும். எழுதியது உங்கள் பிரிண்டரின் முகவரிதானா என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு தொடரலாம்.

விண்டோஸ் கணினிகளில் சேர்த்தல்

விண்டோஸ் தானாகத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டும் பிரிண்டரைச் சொடுக்கிச் சேர்ப்பது எளிது. ஆனால் அப்படிச் சேர்க்கும்போது பல சமயங்களில் டபிள்யூஎஸ்டி எனப்படும் தானியங்கிப் போர்ட் (இங்கே போர்ட் என்பது கணினி பிரிண்டரை எட்டும் வழி) மூலம் இணைப்பு உருவாகிறது. இந்தப் போர்ட் பிரிண்டரை முகவரியால் அல்லாமல் நெட்வொர்க்கில் கூவித் தேடிக் கண்டுபிடிக்கிறது. பிரிண்டர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தாலோ இடையிலுள்ள ஸ்விட்ச் அந்தக் கூவலைக் கடத்தாவிட்டாலோ இணைப்பு தொலைந்துபோகும். வீட்டுக்கு அது போதும். அலுவலகத்துக்கு, ஐபி முகவரியைக் கொண்டு இணைக்கும் டிசிபி/ஐபி போர்ட்தான் சரி.

செட்டிங்ஸில் பிரிண்டர்கள், ஸ்கேனர்கள் பக்கத்துக்குச் சென்று புதிய கருவியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போது சில நொடிகளில் கீழே, கையால் சேர்ப்பதற்கான இணைப்பு ஒன்று தோன்றும். அதை அழுத்தினால் வரும் சிறு பெட்டியில், ஐபி முகவரி அல்லது ஹோஸ்ட்நேம் கொண்டு சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் திரையில் கருவியின் வகை 'ஆட்டோடிடெக்ட்' என்று நிற்கும். பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதை 'டிசிபி/ஐபி டிவைஸ்' என்று மாற்றிவிட்டு, பிரிண்டரின் முகவரியை எழுதுங்கள். பிரிண்டருடன் கணினி பேச உதவும் மென்பொருளான டிரைவரைக் கேட்கும்போது, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கென முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்ததைக் காட்டுங்கள். விண்டோஸில் இருக்கும் பொது டிரைவரிலும் அச்சு வரும். ஆனால் இருபக்க அச்சு, தாள் தட்டுத் தேர்வு, பின் அடித்தல் போன்றவை அதில் காணாமல் போகக்கூடும்.

ஏற்கெனவே தானியங்கியாகச் சேர்க்கப்பட்ட பிரிண்டரை நீக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அதன் 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' பெட்டியில் போர்ட்டுகளுக்கான தாவலைத் திறந்தால், எந்தப் போர்ட்டுக்கு எதிரே குறி இருக்கிறது என்பது தெரியும். அங்கேயே புதிதாக ஒரு 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' சேர்த்து முகவரியைக் கொடுத்தால் குறி அதற்கு மாறிவிடும். டிரைவரும் பிற விருப்பங்களும் அப்படியே இருக்கும்.

அதே தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' என்ற பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நெறிமுறை 'ரா' என்றும் போர்ட் எண் 9100 என்றும் இருப்பது வழக்கம். அதை மாற்றத் தேவையில்லை. அதன் கீழே எஸ்என்எம்பி நிலையறிதல் என்று ஒரு கட்டம் இருக்கும். கணினி பிரிண்டரிடம் நலம் விசாரிக்கப் பயன்படுத்தும் நெறிமுறை அது. பாதுகாப்புக்காகப் பிரிண்டரில் எஸ்என்எம்பியை நிறுத்திவைத்திருந்தாலோ அதன் குறிச்சொல்லை மாற்றியிருந்தாலோ, விசாரிப்புக்குப் பதில் வராது. பிரிண்டர் தாள் கக்கத் தயாராக இருந்தும் விண்டோஸ் அதை 'ஆஃப்லைன்' என்று முடிவுகட்டிவிடும். முகவரி சரியாக இருந்தும், உலாவியில் நிர்வாகப் பக்கம் திறந்தும், அச்சு மட்டும் வரவில்லையென்றால் இந்தக் கட்டத்தில் உள்ள குறியை நீக்கிப் பாருங்கள். இவ்வளவு சிறிய கட்டம் இவ்வளவு பெரிய தலைவலியைக் கொடுப்பது வியப்புக்குரியது.

கணினிகளின் எண்ணிக்கை பத்து, பதினைந்தைத் தாண்டும் அலுவலகங்களில் ஒவ்வொன்றிலும் இதைச் செய்வது அலுப்பூட்டும். அங்கே ஒரு விண்டோஸ் சர்வரை, எல்லோருடைய அச்சு வேலைகளையும் கையாளும் பிரிண்ட் சர்வராக்கி, எல்லோரையும் அதனுடன் இணைப்பது நல்லது. 2021-இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர் பெற்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்ட பிறகு, சர்வரிலிருந்து பிரிண்டர் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டது. அதனால் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஊழியர் பிரிண்டரைச் சேர்க்க முயன்றால் கடவுச்சொல் கேட்டு நிற்கும். டிரைவரைக் கணினிகளில் முன்கூட்டியே நிறுவிவைப்பது இதைத் தவிர்க்கும்.

மேக், லினக்ஸ், கைபேசிகள்

ஆப்பிளின் மேக் கணினியில் பிரிண்டரைச் சேர்க்கும் பெட்டியின் மேற்பகுதியில் உருண்டை வடிவ ஐபி தாவல் இருக்கும். அங்கே முகவரியை எழுதி, நெறிமுறையாக ஆப்பிளின் ஏர்பிரிண்ட் அல்லது பொதுவான அச்சு நெறிமுறையான ஐபிபியைத் தேர்ந்தெடுத்தால் தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. லினக்ஸில் கப்ஸ் என்னும் அச்சு அமைப்பின் நிர்வாகப் பக்கம் அதே கணினியின் 631-ஆம் போர்ட்டில் கிடைக்கும். ஐபிபி முகவரியை அங்கே சேர்க்கலாம்.

கைபேசிகளின் நிலை சற்று வேறு. ஐஃபோனின் ஏர்பிரிண்ட்டும் ஆண்ட்ராய்டின் அச்சு சேவையும் பிரிண்டரைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கும் முறையை நம்பியிருக்கின்றன. அந்தத் தேடல் ஒரே நெட்வொர்க் பிரிவுக்குள் மட்டுமே செல்லும். கைபேசிகளுக்கு ஒரு விலேனும் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) பிரிண்டர்களுக்கு வேறொரு விலேனும் பிரித்துவைத்திருக்கும் அலுவலகங்களில், கணினியிலிருந்து ஐபி முகவரி வழியாக அச்சு வரும். கைபேசியின் பட்டியலிலோ பிரிண்டர் தெரியாது. இந்தத் தேடலுக்குப் பயன்படும் எம்டிஎன்எஸ் தகவல்களை இரண்டு பிரிவுகளுக்கும் இடையே கடத்தும் வசதி ரவுட்டரில் இருந்தால் அதை இயக்குவதுதான் தீர்வு.

ஸ்கேன் செய்ததை அனுப்பும் வழிகள்

அச்சு வந்ததும் அடுத்த கோரிக்கை ஸ்கேன் பற்றியதாகத்தான் இருக்கும். கணினியில் பகிர்ந்த கோப்புறைக்கு ஸ்கேனை அனுப்ப, அதற்கென்றே ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, அந்தக் கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமையைக் கொடுங்கள். ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கைப் பிரிண்டரில் பதிந்துவைத்தால், அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் ஸ்கேன் நின்றுபோகும். அதோடு ஏன் நின்றது என்பதும் யாருக்கும் புரியாது. பழைய பிரிண்டர்களில் இன்னொரு தடையும் உண்டு. கோப்புறைகளைப் பகிரப் பயன்படும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்த பிரிண்டர்கள் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதை மீண்டும் இயக்கச் சொல்லி இணையத்தில் பலர் வழிகாட்டுவார்கள். பாதுகாப்பற்ற அந்தப் பழைய பதிப்பைத் திறந்துவிடுவதைவிட, பிரிண்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்ப்பதோ, எஃப்டிபி (கோப்புகளை அனுப்பும் நெறிமுறை), மின்னஞ்சல் ஆகிய வழிகளில் ஒன்றுக்கு மாறுவதோ மேல்.

மின்னஞ்சலுக்கு அனுப்புவதானால், அஞ்சலை அனுப்பித்தரும் எஸ்எம்டிபி சர்வரின் பெயர், 587 என்ற போர்ட், டிஎல்எஸ் குறியாக்கம், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பிரிண்டரின் நிர்வாகப் பக்கத்தில் நிரப்ப வேண்டும். ஜிமெயில் கணக்கென்றால் வழக்கமான கடவுச்சொல் ஏற்கப்படாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். பிரிண்டரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். தேதி பல ஆண்டுகள் பின்னால் நின்றால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் பிரிண்டர் நம்ப மறுத்து, காரணம் சொல்லாமல் தோல்வி என்று மட்டும் காட்டக்கூடும்.

பூட்டிவைக்க வேண்டியவை

நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். பல மாடல்களில் அது காலியாகவோ, கையேட்டில் எல்லோரும் படிக்கக்கூடியதாகவோ இருக்கும். பயன்படுத்தாத வைஃபை டைரக்ட், டெல்நெட், எஃப்டிபி ஆகிய இணைப்பு வழிகளை நிறுத்திவிடலாம். வெளியிலிருந்து அச்சிட வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 9100 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்தப் போர்ட் யாரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை. வந்ததை அப்படியே அச்சிடும். 2018 நவம்பரில், ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் தாள்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பிரிண்டர்களிலிருந்து தாமாக வெளிவந்ததற்கு, இப்படித் திறந்துகிடந்த போர்ட்டுகளே வழிவிட்டன. வெளியிலிருந்து அச்சிட வேண்டியவர்கள் விபிஎன் என்னும் பாதுகாக்கப்பட்ட இணைப்பின் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்து அச்சிடட்டும்.

அச்சு வராதபோது

தேடலைப் பிரிண்டரின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நிலைத் தாளை மீண்டும் அச்சிட்டு முகவரி மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கணினியின் கட்டளைத் திரையில் அந்த முகவரிக்குப் பிங் செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளையை அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் சிக்கல் நெட்வொர்க்கில் இருக்கிறது. கேபிள், வைஃபை, தவறான பிரிவு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். மடிக்கணினியில் வேறொரு நிறுவனத்தின் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் உள்ளூர்ப் பிரிண்டர் எட்டாமல் போகும்; அதை நிறுத்திவிட்டுப் பார்ப்பது ஒரு நொடி வேலை. பதில் வந்தும் அச்சு வரவில்லையென்றால், முன்பு சொன்ன போர்ட் அமைவும் எஸ்என்எம்பி கட்டமும் சரியா என்று பாருங்கள். அடுத்து அச்சு வரிசையைத் திறந்து, சிக்கி நிற்கும் கோப்பை நீக்கிவிட்டு, அச்சு வரிசையைக் கையாளும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை மறுபடி தொடங்குங்கள். தாள் தாளாகப் பொருளற்ற குறிகள் அச்சானால் நெட்வொர்க்கில் பிழையில்லை. பிரிண்டருக்குப் புரியாத மொழியில் டிரைவர் பேசுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவருக்குப் பதில் பிசிஎல் டிரைவரையோ அதற்கு மறுதலையாகவோ போட்டுப் பாருங்கள்.

சில நிமிடம் அச்சு வந்து, சில நிமிடம் வராமல் விளையாட்டுக் காட்டினால் முகவரி மோதலைச் சந்தேகிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: பிரிண்டரின் மின்சாரத்தை முற்றிலும் அணைத்துவிட்டு அதன் முகவரிக்குப் பிங் செய்யுங்கள். அப்போதும் பதில் வந்தால் அந்த எண்ணில் வேறொரு கருவி குடியிருக்கிறது. அது எந்தக் கருவி என்பதை ரவுட்டரின் கருவிப் பட்டியலில் மேக் முகவரியைக் கொண்டு பார்த்துவிடலாம்.

அமைப்பு முழுவதும் முடிந்ததும், அலுவலக நேரம் கழிந்த பிறகு ரவுட்டரையும் பிரிண்டரையும் ஒருமுறை அணைத்து, சில நிமிடங்கள் விட்டு மீண்டும் இயக்கி, இரண்டு வெவ்வேறு கணினிகளிலிருந்து அச்சிட்டுப் பாருங்கள். அதே முகவரியில் பிரிண்டர் திரும்பி வந்தால் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரிண்டரின் முன்பக்கத்தில் ஒட்டிவிட்டு, மேக் முகவரி, ஐபி முகவரி, நிர்வாகக் கடவுச்சொல் மூன்றையும் அலுவலகத்தின் பாதுகாப்பான பதிவேட்டில் குறித்துவையுங்கள். ரவுட்டரை மாற்றும் நாளில் பழைய ரவுட்டரிலிருந்த முன்பதிவுகளும் அதனோடு போய்விடும். புதியதைப் பொருத்த வருபவரிடம், வேறு எதையும் செருகும் முன் அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பிரிண்டரின் முன்பதிவை எழுதச் சொல்லுங்கள்.